விடியற்காலைக் கனவும் விற்க வருகிற கனவும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



விடியற்காலையில் கண்ட கனவு பலிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வாங்க. அடகு வைத்த நகையெல்லாம் மீட்டு வந்த மாதிரி கனவு கண்டால் அன்றைக்கு முழுக்க மனசு லேசாக இருக்கும். கனவு அதிகம் வருகிற தூக்கம் விடியும் நேரத்தில்தான் நீளும். உடனே விழித்துக்கொள்வதால் கனவும் நினைவில் நிற்கும். அவ்வளவுதான் விஷயம். அந்தக் கனவால் நமக்கு நஷ்டம் ஒன்றும் கிடையாது. எழுந்து வாசல் தெளிக்கும்போதே மறந்து போயிடும்.

நஷ்டம் வருவது வீடு தேடி வந்து விற்கிறார்களே, அந்தக் கனவால்தான். ஈமு கோழி ஞாபகம் இருக்கா? ஈரோடு பக்கம் ஆரம்பித்துப் பல மாவட்டத்துக்கும் பரவியது. ஒன்றரை லட்சம் கட்டுங்க, குஞ்சுகள் தருகிறோம், வளர்ப்புக் கூலியாக மாதம் 6,000 ரூபாய் தருகிறோம் என்றார்கள். நம் குழு நோட்டில் போடுகிற மாதிரி கணக்குப் போட்டுப் பாருங்க. 25 மாதத்தில் போட்ட முதல் முழுசும் திரும்ப வந்துவிடும்! எந்தக் கோழி அப்படிக் கொடுக்கும்? ஈமு கறியை நம்ம ஊர்ச் சந்தையில் யார் வாங்கினாங்க? புதிதாகக் கட்டுகிறவர் பணம் பழைய ஆளுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2012-இல் அது நின்றது. நகையை விற்றுக் கட்டினவர்களும் கடன் வாங்கிக் கட்டினவர்களும் தெருவுக்கு வந்தார்கள்.

அப்போ பெரிய கனவே வேண்டாமா? கட்டாயம் வேணும். நாம் ஏதாவது நினைத்தாலே, “ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க” என்று சிரிக்கிறவங்க உண்டு. மதுரைப் பக்கத்துச் சின்னப்பிள்ளை அம்மா பள்ளிக்கூடம் போகாதவர், வயலில் கூலி வேலை செய்தவர். கந்துவட்டிக்காரரிடம் போகாமல் நம் பணத்தை நாமே வைத்து நடத்தலாம் என்று கூலிப் பெண்களைக் களஞ்சியம் குழுக்களில் சேர்த்தார். அன்றைக்கு அதைக் கேட்டவர்களுக்கு நடக்காத காரியமாகத்தான் இருந்திருக்கும். 2001-இல் டெல்லியில் விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தக் கனவு சிறுசேமிப்பில், எல்லாரும் பார்க்கிற கணக்கில் வளர்ந்தது.

அதனால் ஒரு வேண்டுகோள். ஒரு உறுப்பினர் புதுத் தொழில் என்று கடன் கேட்டால் சிரிக்காதீங்க. மூன்று கேள்வி கேளுங்க. இந்தப் பொருளை யார் வாங்குவாங்க? இந்தக் கணக்கை நீ போட்டாயா, விற்க வந்தவர் போட்டாரா? தவணை தவறினால் எதை வைத்துக் கட்டுவாய்? குழுக் கடனை ஒருத்தி கட்டாமல் போனால் அடுத்த முறை வங்கியில் நம் எல்லாருக்கும்தான் கதவு சாத்துவார்கள்.

பதில் சரியாக இருந்தால், கனவு எவ்வளவு பெரிதானாலும் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. சரியாக இல்லையென்றால் அந்தத் தங்கச்சியைத் தனியாக விடாதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையால் செய்யக்கூடிய தொழிலுக்கு ஒரு கணக்குப் போட்டுக் கொடுங்க.