யோகா: பயமும் வேண்டாம், மயக்கமும் வேண்டாம்

(தொடக்கநிலை யோகா வகுப்பு ஆரம்பமாவதற்கு முன், நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் குழு சார்பில் குடும்பக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். அல்ஹம்துலில்லாஹ். பாதிப் பேர் கற்றுக்கொள்ள வந்திருக்கிறீர்கள், மீதிப் பேர் "இது நமக்குத் தேவையா?" என்று கேட்க வந்திருக்கிறீர்கள். இரண்டு தரப்புக்கும் பதில் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு.

நம் பள்ளிவாசலில் ஸஃப்பின் ஓரத்தில் போட்டிருக்கும் நாற்காலிகளை எல்லோரும் பார்க்கிறோம். முன்பு இரண்டோ மூன்றோ கிடந்த இடத்தில் இப்போது ஒரு வரிசையே நிற்கிறது. அதில் உட்காருபவர்கள் எல்லோரும் முதியவர்கள் அல்ல. ஐம்பதைத் தாண்டாதவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் கட்டிலோரம் உட்கார்ந்து தொழும் நம் உம்மாமார்களையும் ராத்தாமார்களையும் சேர்த்தால் கணக்கு இன்னும் கூடும். அது யார் கண்ணிலும் படுவதில்லை.

இயலாதவர் உட்கார்ந்து தொழுவது மார்க்கம் தந்த சலுகை. மூல நோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று நபி (ஸல்) அவர்கள் வழி காட்டினார்கள். ஆகவே நாற்காலியில் தொழுபவரை யாரும் குறைவாக நினைக்கக் கூடாது. எங்கள் கவலை வேறு. நம் மருத்துவ முகாமுக்கு வரும் எலும்பு மருத்துவர்கள் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொல்கிறார்கள். முழங்கால் வலி என்று வருபவர்கள் எல்லோருக்கும் மூட்டு முழுக்கத் தேய்ந்துவிடவில்லை. பலருக்கு மூட்டைத் தாங்க வேண்டிய தொடைத் தசை இளைத்துப் போயிருக்கிறது. வலிக்கிறது என்று அசையாமல் இருக்கிறோம். அசையாததால் தசை இளைக்கிறது. தசை இளைத்ததால் வலி கூடுகிறது. இந்தச் சுற்றை எங்காவது அறுக்க வேண்டும். கடையில் உட்கார்ந்தே பொழுதைக் கழிக்கும் ஆண்களும், அடுப்படியில் நின்றே தேயும் பெண்களும் இதில் சமமாகத்தான் மாட்டிக்கொள்கிறோம். இதற்காகத்தான் இந்த வகுப்பு.

"தொழுகையே பெரிய உடற்பயிற்சிதானே, பிறகு எதற்கு யோகா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். தொழுகை இபாதத். அதை உடற்பயிற்சி என்று சொல்லி மதிப்புக் கூட்டுபவர்களை எங்களுக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ருகூஉவிலும் ஸஜ்தாவிலும் உடம்பு வளைகிறது, அதன் பலனும் கிடைக்கிறது. ஆனால் நாம் தொழுவது அதற்காக அல்ல. மேலும், நாற்காலிக்குப் போய்விட்டவருக்கு அந்த அசைவும் போய்விடுகிறதே. இரவும் பகலும் வணக்கத்திலேயே கழித்த தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம், உடலுக்கும் அவர்மீது உரிமை இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் நினைவூட்டியதை நாம் ஜுமுஆ பயான்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்த உரிமையைத் தனியாகத்தான் கொடுத்தாக வேண்டும்.

அடுத்தது பெரிய கேள்வி. யோகா நமக்கு ஆகுமா?

யோகா இந்து சமய மரபில் வேர்கொண்டது. இதை மறைப்பதில் அர்த்தமில்லை. அந்த மரபைப் போற்றும் நம் அக்கம்பக்கத்தாருக்கு அது மரியாதையும் ஆகாது. பதஞ்சலியின் யோக நூலை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரபியில் ஆக்கியவர் அல்பீரூனி. அவர் அதைப் பின்பற்றுவதற்காக மொழிபெயர்க்கவில்லை, இந்த நாட்டு மக்களின் சிந்தனையை அறிவதற்காகச் செய்தார். அந்தப் பழைய நூலில் உடல் நிலைகளைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு, பெரும்பகுதி மனதைப் பற்றியது. இன்று வகுப்புகளில் சொல்லித்தரும் ஆசனப் பயிற்சியில் பெரும்பகுதி, 1930களில் மைசூர் அரண்மனையில் பயிற்றுவித்த கிருஷ்ணமாச்சாரியார், அவருடைய மாணவர்கள் வழியாகப் பரவியது. ஆக, யோகா என்ற ஒரே சொல்லுக்குள் வழிபாடும் இருக்கிறது, தத்துவமும் இருக்கிறது, கைகால் அசைக்கும் பயிற்சியும் இருக்கிறது. நமக்கு வேண்டியது கடைசியில் சொன்னது மட்டும்.

இந்தப் பிரிப்பை நாங்கள் புதிதாகச் செய்யவில்லை. மலேசியாவின் தேசிய ஃபத்வா மன்றம் 2008இல் மந்திரமும் வழிபாட்டு அம்சமும் கலந்த யோகாவைத் தடுத்தது. உடற்பயிற்சியாக மட்டும் செய்பவர்கள் தொடரலாம் என்று அப்போதைய பிரதமர் அப்துல்லாஹ் அஹ்மத் பதவி விளக்கம் தந்தார். 2009இல் இந்தோனேசிய உலமா மன்றமும் மந்திரம், சடங்கு இவற்றோடு சேர்ந்ததைத் தடுத்து, வெறும் உடற்பயிற்சியை விட்டுவிட்டது. 2017இல் சவூதி அரேபியா யோகாவை ஒரு விளையாட்டுப் பயிற்சியாக அங்கீகரித்தது. நம் நாட்டில் 2015இல் முதல் சர்வதேச யோகா தினம் வந்தபோது சூரிய நமஸ்காரம் பற்றி முஸ்லிம் அமைப்புகள் ஆட்சேபம் தெரிவித்தன. அரசின் பொதுப் பயிற்சி வரிசையில் அது சேர்க்கப்படவில்லை.

நம் வகுப்பிலும் சூரிய நமஸ்காரம் இல்லை. சூரியனை வணங்குவது என்று பெயரிலேயே இருக்கும்போது அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. ஓம் என்று ஓதுவது இல்லை. மந்திரம் இல்லை, விளக்கு இல்லை, படம் இல்லை, கைகூப்பி வணங்கும் நிலையும் இல்லை. ஆசனங்களுக்கு நாங்களே எளிய தமிழில் பெயர் வைத்துக்கொண்டோம். சவாசனம் என்றால் பிணம்போல் கிடப்பது என்று யாரோ விளக்கிவிட, ஒரு மாமி "அதற்கு இன்னும் நாள் இருக்கிறது" என்று எழுந்தே போய்விட்டார். இப்போது அதன் பெயர் "மல்லாந்து ஓய்வு". பெண்கள் வகுப்பைப் பெண் பயிற்சியாளர்தான் நடத்துவார், கதவு சாத்தியிருக்கும், படம் எடுக்க அனுமதியில்லை. தளர்வான சல்வாரும் தலைத்துணியும் போதும். அதற்கென்று இறுக்கமான உடுப்பு வாங்க வேண்டியதில்லை.

இத்தனைக்குப் பிறகும் இதிலிருந்து விலகி இருப்பதே பேணுதல் என்று சொல்லும் ஆலிம்கள் இருக்கிறார்கள். அவர்கள் கருத்தை மதிக்கிறோம். மனம் ஒப்பாதவர்கள் தாங்கள் நம்பும் ஹழ்ரத்திடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வராதவர்களை யாரும் குறை சொல்ல வேண்டாம், வருபவர்களையும் யாரும் சந்தேகப்பட வேண்டாம். வராதவர்கள் ஃபஜ்ருக்குப் பிறகு அரை மணி நேரம் வேகமாக நடந்தாலே எங்களுக்குச் சந்தோஷம்.

இனி, மார்க்கத்தோடு சம்பந்தமில்லாத பயங்கள். "எனக்கு உடம்பு வளையாது" என்பதுதான் அதிகம் கேட்பது. வளையாத உடம்புக்குத்தான் பயிற்சி. யோகாவில் உலகப் பெயர் பெற்ற பி.கே.எஸ். ஐயங்கார் சிறுவயதில் காசநோய், மலேரியா, டைஃபாய்டு என்று மாறி மாறிப் படுத்து, மெலிந்து விறைத்த உடம்போடு பயிற்சிக்கு வந்தவர். பிற்காலத்தில் நாற்காலி, பட்டை, மரக்கட்டை, போர்வை இவற்றையெல்லாம் துணையாக வைத்து, இயலாதவர்களும் செய்யும்படி முறைகளை அமைத்தார். பத்திரிகையில் வரும் படத்தில் காலைத் தூக்கித் தோளில் போட்டிருப்பவரைப் பார்த்து மிரள வேண்டாம். நாம் அங்கே போகவே போவதில்லை.

நம் வகுப்பில் முதல் இரண்டு வாரம் எல்லோருக்கும் நாற்காலிதான். சக்கரமில்லாத, கைப்பிடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உறுதியான நாற்காலி. சுவரோடு ஒட்டிப் போட்டு, முன்பக்கமாக நகர்ந்து, இரண்டு பாதமும் தரையில் பதிய, முதுகு நிமிர்ந்து உட்கார வேண்டும். கணுக்காலைச் சுழற்றுவது, ஒரு காலை நேரே நீட்டி ஐந்து எண்ணும்வரை பிடித்திருந்து இறக்குவது, மூச்சை இழுத்தபடி கையை உயர்த்துவது, விட்டபடி தாழ்த்துவது. இவ்வளவுதான். காலை நீட்டிப் பிடிக்கும்போது முழங்காலுக்கு மேலே தொடை இறுகுவதைக் கைவைத்துப் பாருங்கள். மருத்துவர்கள் சொன்ன அந்தத் தசை அதுதான்.

மூன்றாவது வாரம் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. கையை ஊன்றாமல், மெதுவாக. எழுவதைவிட உட்காருவதில்தான் விஷயம் இருக்கிறது. தொப்பென்று விழாமல் நிதானமாக இறங்கினால் தொடை முழு வேலை செய்யும். ஐந்து முறை செய்துவிட்டு மூச்சு வாங்கினால் நிறுத்திவிடுங்கள், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகுதான் சுவரைப் பிடித்து நிற்பது, பாய் விரித்துத் தரைக்கு இறங்குவது. மண்டியிட்டு உட்காரும் வஜ்ராசனம் பார்ப்பதற்கு அத்தஹிய்யாத் இருப்பைப் போலத்தான் இருக்கும். ஆனால் மூட்டு தேய்ந்தவர்கள் அதற்கு அவசரப்படக் கூடாது. பிட்டத்துக்கும் குதிகாலுக்கும் நடுவில் தடித்த தலையணை வைத்து, வலியில்லாத அளவுக்கு மட்டும். இழுப்பு இருக்கலாம். மூட்டுக்குள் குத்தல் இருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். வலியைத் தாங்கினால்தான் பலன் என்பது பொய்.

மூச்சுப் பயிற்சியிலும் பெரிதாக ஒன்றுமில்லை. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும், விடும்போது சற்றுக் குறையும். அதனால் இழுப்பதைவிட விடுவதைச் சற்று நீளமாக்கினால் உடம்பு தணிகிறது. நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுவது. வயிற்றை வெடுக்கு வெடுக்கென்று அடித்து வேகமாக மூச்சு விடும் பயிற்சியை இங்கே சொல்லித்தர மாட்டோம். இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்களுக்கு அது ஆகாது.

இப்போது மயக்கத்துக்கு வருகிறோம். பயத்தைவிட இதுதான் எங்களை அதிகம் வருத்துகிறது.

நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. இந்தக் கூடத்திலேயே கை தூக்கச் சொன்னால் தெரிந்துவிடும். நம் பகுதித் தாய் ஒருவர், யோகா செய்தால் சர்க்கரை அடியோடு போய்விடும் என்று ஒரு காணொளியில் கேட்டு, வீட்டாருக்குச் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினார். நான்கு மாதம். உடம்பு லேசாக இருப்பதாகவே அவருக்குத் தோன்றியது. காலில் செருப்பு கடித்த புண் ஆறவில்லை. கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. மற்றவர்களுக்கும் சொல்லுங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டதால்தான் பெயர் சொல்லாமல் இதைச் சொல்கிறோம். இன்று அவர் மாத்திரையும் சாப்பிடுகிறார், நாற்காலிப் பயிற்சியும் செய்கிறார்.

நாள்பட்ட இடுப்பு வலிக்கு யோகா உதவும் என்று மருத்துவ வழிகாட்டுதல்களே ஏற்கின்றன. சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் அது துணை நிற்கலாம், அவ்வளவே. மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் வேலை. நம் பயிற்சியாளர் யாரிடமாவது "மாத்திரையை விட்டுவிடுங்கள்" என்று சொன்னதாகத் தெரிந்தால் அன்றே எங்களிடம் சொல்லுங்கள். யோகா செய்கிறோம் என்று நடையை நிறுத்திவிடவும் வேண்டாம். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது மூச்சு சற்று வாங்கும்படி உடம்பு உழைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. மெதுவான ஆசனம் அந்தக் கணக்கை நிரப்பாது.

இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரையை இறக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் பயிற்சியின்போது கையில் இரண்டு பேரீச்சம்பழமோ சர்க்கரையோ வைத்திருக்க வேண்டும். படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் வந்தால் கூச்சப்படாமல் உடனே வாயில் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் நீர் அழுத்தம் உள்ளவர்கள், சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்கள், அழுத்தம் கட்டுப்படாதவர்கள் தலையைக் கீழே தொங்கவிடும் எதையும் செய்யக் கூடாது. கர்ப்பிணிகளும், அறுவை சிகிச்சை முடிந்தவர்களும், இடுப்புத் தட்டு விலகியவர்களும் மருத்துவரைக் கேட்காமல் வர வேண்டாம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் தங்கள் உம்மா வாப்பாவைக் கட்டாயப்படுத்தி அழைத்து வருவதாகக் கேள்விப்பட்டோம். அழைத்து வாருங்கள், சந்தோஷம். கூடவே அவர்களுடைய மருந்துச் சீட்டையும் எடுத்து வாருங்கள்.

சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். வலீமா பிரியாணி சாப்பிட்ட நாளில் அன்றைய வகுப்பையே விட்டுவிடுவது நல்லது. ரமலானில் பகல் வகுப்பு கிடையாது. விரும்புபவர்களுக்குத் தராவீஹுக்குப் பிறகு பதினைந்து நிமிட நாற்காலிப் பயிற்சி மட்டும் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

பெண்களுக்குச் செவ்வாய், வியாழன் காலை பத்தரை மணிக்கு, மேல்மாடிக் கூடத்தில். படியேற முடியாதவர்களுக்குக் கீழ் அறையிலேயே ஏற்பாடு இருக்கிறது, முன்கூட்டிச் சொன்னால் போதும். ஆண்களுக்குச் சனி, ஞாயிறு ஃபஜ்ர் தொழுகைக்குப் பிறகு. கட்டணம் இல்லை. முதல் நாள் வரும்போது பெயரோடு, என்ன நோய், என்ன மாத்திரை என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாள் பயிற்சியாளரையும் மருத்துவ உதவிக் குழுவையும் தவிர வேறு யார் கைக்கும் போகாது. நாற்காலிகள் நம்மிடம் போதுமான அளவு இருக்கின்றன, பாயும் தலையணையும் மட்டும் அவரவர் கொண்டு வாருங்கள்.