மணலைப் பிடித்து வைக்கும் கொடி



சுங்கைப்பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் பிறந்தவர்களுக்குக் கடல் என்றாலே பந்தாய் மெர்டேக்காதான். மெர்போக் ஆறு கடலில் சேரும் இடம். எதிர்க்கரையில் தஞ்சோங் டாவாய். கெடா பெருநிலத்தின் கரையோரம் அதிகமும் சேறும் அலையாத்திக் காடும்தான். பெரிய மணற்குன்றுகளைத் தேடினால் கிடைக்காது. மணற்கரை உள்ள இடத்திலும் நாம் நேராகத் தண்ணீருக்கு ஓடிவிடுகிறோம்.

கொஞ்சம் மேட்டுப் பக்கம் நடந்து, குனிந்து பாருங்கள். அடும்புக் கொடி! ஆட்டுக் குளம்பு போல் பிளந்த தடித்த இலை. காலையில் விரிந்து, வெயில் ஏறியதும் வாடிவிடும் ஊதாப் பூ. சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்தில் பாடிய அதே கொடி. உப்புக்காற்றும் சுடுமணலும் இதற்கு ஒரு பொருட்டே இல்லை. கணுவுக்குக் கணு வேர்விடும். காற்றில் வரும் மணல் இலையில் தட்டி அங்கேயே தங்கும். கொடியோ அதற்கும் மேலே ஏறிப் படரும். மணல்மேடு இப்படித்தான் வளர்கிறது.

கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று இந்தக் கொடியையும் சேர்த்து வழித்தெடுப்பது சுத்தமே அல்ல. போத்தலும் பிளாஸ்டிக்கும்தான் குப்பை.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இதே கரையோரத்துக் கோத்தா கோலா மூடா பட்ட பாடு நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட அலையை ஒரு கொடி தடுத்துவிடாதுதான். ஆனால் அன்றாடம் கரையும் மணலுக்கு இதுதான் காவல்.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளுக்கு அந்தப் பூவைக் காட்டுங்கள். மோட்டார் சைக்கிளை மட்டும் மேட்டில் ஏற்றாதீர்கள்.