மூட்டாத கைலி
(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நான் துணி வியாபாரி. பல ஆண்டுகள் மீட்டர் கணக்கில் துணி அளந்து கொடுத்தவன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயமும் வாங்கியவன். ஆனால் 2020 வரை எனக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. பொத்தான் அறுந்தால் உம்மாவிடம்தான் நீட்டுவேன்.

அந்த ஆண்டு ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நோய்ப் பரவல் முறியடிப்புக் காலம். என்னுடையது போன்ற கடைகளுக்கெல்லாம் பூட்டு. கேலாங் சிராய் ரமலான் சந்தையும் ரத்து. பெருநாள் வியாபாரத்தை நம்பிக் கடனுக்கு எடுத்த சரக்கு கடைக்குள் முடங்கிவிட்டது. பள்ளிவாசல்கள் மார்ச்சிலேயே மூடப்பட்டதால் தராவீஹும் வீட்டில்தான். சரக்குக் கொடுத்தவர் தொலைபேசியில் அழைத்தால் எடுக்கமாட்டேன். இரவில் தூக்கமும் இல்லை.

ஒருநாள் உம்மா பழைய கால் மிஷினை இழுத்துப் போட்டு, வீட்டில் இருந்த மூட்டாத கைலி ஒன்றை என் மடியில் வைத்தார்கள். "கணக்குப் போட்டுக்கிட்டே இருந்தா கடன் குறையுமா? இந்தா, இதை மூட்டு" என்றார்கள்.

தையலிலேயே எளிது கைலி மூட்டுவது. வெட்டிய இரு முனைகளையும் கட்டத்துக்குக் கட்டம் பொருத்தி நேராக ஓட்ட வேண்டும். பிறகு பிசிறு தெரியாமல் மடித்து இன்னொரு தையல். அவ்வளவுதான். எனக்கோ ஒன்றரை மணி நேரம் பிடித்தது. கட்டம் கோணியது, பிரித்தேன், மறுபடி ஓட்டினேன். முடித்தபோது, பல வாரங்களுக்குப் பிறகு அன்று தொடங்கிய ஒரு வேலை அன்றே முடிந்திருந்தது.

அப்போதுதான் உம்மா சொன்னார்கள். 1998ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் வாப்பாவின் வியாபாரம் படுத்தபோது, இரவெல்லாம் மற்ற கடைகளுக்குக் கைலி மூட்டிக் கொடுத்தார்களாம். என் பள்ளிச் சீருடை அந்தக் காசில் வந்ததாம். அந்த மிஷின் சத்தத்தில் தூங்கிய எனக்கு அது இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரியாது.

ஏப்ரல் 14 முதல் வெளியே போனால் முகக்கவசம் கட்டாயமானது. வீட்டில் கிடந்த பருத்தி கட்பீஸ்களை இரண்டு அடுக்காக வைத்து, மூன்று மடிப்பு எடுத்துத் தைத்தோம். எலாஸ்டிக் கையில் இல்லாததால் துணியிலேயே நாடா வைத்தோம். எங்கள் புளோக்கில் இருந்த முதியவர்களின் கதவுப் பிடியில் பையோடு மாட்டிவிட்டு வந்தேன்.

தையல் என் கடனை அடைக்கவில்லை. ஆனால் மனம் நிதானத்துக்கு வந்தது. சரக்குக் கொடுத்தவரை நானே அழைத்து, உள்ளதைச் சொல்லித் தவணை கேட்டேன். கொடுத்தார். அந்த அழைப்பைச் செய்யும் தைரியம் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் வந்தது.

பெரியோர்களே, ஐம்பதாம் ஆண்டில் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் சங்கத்தில் தையல் சொல்லிக்கொடுப்போம். கைலி மூட்டுதல், தலையணை உறை, துணிப்பை, இவை போதும். ஆண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். துணி என் கடையிலிருந்து இலவசம். சொல்லிக்கொடுக்க உம்மா வருகிறேன் என்றிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டு மூலையிலும் ஒரு மிஷின் இருக்கலாம். இன்றிரவு போய், அது யாருக்காக ஓடியது என்று உங்கள் தாயாரிடம் கேளுங்கள். வஸ்ஸலாம்.