கூவக்கரை ஊர் திருவேற்காடு

(பழைய மாணவர் சங்க ஆண்டு சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஆவடி என்றதும் டாங்கித் தொழிற்சாலையைச் சொல்வார்கள். பெரியவர்கள் 1955 காங்கிரஸ் மாநாட்டைச் சொல்வார்கள். நான் இன்று பேசப்போவது ஆவடி - பூந்தமல்லி சாலையில் நாம் பஸ்ஸில் தாண்டிப் போகும் ஓர் ஆற்றையும், அதன் கரையில் இருக்கும் திருவேற்காட்டையும் பற்றி.

"கூவமா சார்?" என்று மூக்கைப் பிடிக்காதீர்கள். சுமார் 72 கிலோமீட்டர் ஓடும் ஆறு அது. அதில் பாதிக்கு மேல் கிராமப்புறம். மேலே கூவம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. தேவாரத்தில் அதன் பெயர் திருவிற்கோலம். சம்பந்தர் பாடிய தலம். அதே சம்பந்தர் பாடிய இன்னொரு கூவக்கரைத் தலம்தான் நம்ம திருவேற்காடு.

வேல மரக் காடு என்பதால் வேற்காடு. வேதபுரீஸ்வரர் கோயிலில் தலமரம் வெள்வேல மரம். அகத்தியருக்குச் சிவன் திருமணக் கோலம் காட்டிய இடம் என்பது தலபுராணம். ஆடி மாதம் ஊரே திரண்டு வரும் தேவி கருமாரியம்மன் கோயிலை உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். அறுபத்து மூவரில் ஒருவரான மூர்க்க நாயனார் பிறந்ததும் இங்கேதான். அடியார்க்குச் சோறிட்டே சொத்தெல்லாம் தீர்ந்து, பிறகு சூதாடி வென்ற காசில் சோறு போட்டவர்!

இந்த நாயனாரின் ஊரைப் பாலியாற்றின் வடகரையில் இருப்பதாகப் பெரிய புராணம் சொல்கிறது. பாலி என்றால் பாலாறு. இன்று பாலாறு எங்கே, திருவேற்காடு எங்கே? பாலாறு ஒரு காலத்தில் இன்னும் வடக்கே ஓடியது என்பது புவியியலார் பலரின் கருத்து. ஆறு இடம் மாறும் நண்பர்களே. ஆனால் பள்ளம் பள்ளமாகவேதான் இருக்கும்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலை நீர் பிரிந்து கூவத்துக்கு வருகிறது. அடுத்தது கொரட்டூர் அணைக்கட்டு. பாடி பக்கத்துக் கொரட்டூர் இல்லீங்க, இது பூந்தமல்லிக்கு மேற்கே இருக்கும் ஜமீன் கொரட்டூர். இங்கிருந்து புது பங்காரு கால்வாய் வழியாகக் கூவத்து நீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. அந்த ஏரியின் உபரி நீர் சேருவதோ அடையாற்றில். ஆக, ஓர் ஆற்றில் பெய்த மழை இன்னோர் ஆற்றின் வழியாகக் கடலுக்குப் போகலாம். அப்புறம் பருத்திப்பட்டு தடுப்பணை, திருவேற்காடு, மதுரவாயல், கடைசியில் நேப்பியர் பாலத்தருகே கடல்.

கோயிலும் அணைக்கட்டும் பார்த்துவிட்டுப் போவதற்கு மட்டும் உள்ளவை அல்ல. நீர் எங்கே வரும், எங்கே நிற்கும் என்பதை ஊருக்குச் சொல்லும் அடையாளங்கள் அவை. நாம் அவற்றைப் படிக்க மறந்தோம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் நம் மேற்குப் புறநகர்களில் வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் புதுப் பாதை எதையும் கண்டுபிடித்து வரவில்லை. தன் பழைய பள்ளத்துக்குத்தான் வந்தது. அங்கே நாம் வீடு கட்டியிருந்தோம்.

நம் சங்கத்து நண்பர்கள் பலர் இந்தப் பக்கத்தில்தான் மனை வாங்குகிறார்கள். அவர்களுக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, பத்திரத்தோடு நிற்காமல் புல வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் வாங்கிப் பாருங்கள். நீர்நிலை, வாய்க்கால், புறம்போக்கு எது என்று அதில் இருக்கும். இரண்டு, வெள்ளம் எவ்வளவு ஏறியது என்று தரகரைக் கேட்காதீர்கள். அந்தத் தெருவில் இருபது வருஷமாக டீக்கடை வைத்திருப்பவரைக் கேளுங்க. மூன்று, மனையைக் கோடையில் ஒருமுறை பார்த்தால் ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு முறை பாருங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. சர்வே வகுப்பில் லெவலிங் கருவியைக் கல்லூரி மைதானத்தில் வைத்துப் பழகுகிறீர்கள். அதையே பருத்திப்பட்டுப் பாலத்திலிருந்து திருவேற்காடு வரை தூக்கிக்கொண்டு போனால் என்ன? வெள்ளம் தொட்ட உயரத்தைத் தெருத் தெருவாகக் கேட்டு, அளந்து, ஒரு வரைபடம் போடுங்கள். ஆகிற செலவைப் பழைய மாணவர்கள் நாங்கள் பகிர்ந்துகொள்கிறோம். அந்த வரைபடத்தின் ஒரு படி நகராட்சிக்குப் போகட்டும். இன்னொரு படி நம் நூலகத்தில், மனை வாங்க நினைக்கும் யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டும்படி இருக்கட்டும்.

ஆற்றின் கரையில் படித்தவர்கள் நாம். அந்த ஆற்றைப் படிக்காமல் போனோம் என்ற பெயர் நமக்கு வேண்டாம்.