காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள்

(கடலுக்குச் செல்லும் நம் பங்கு இளைஞர்களுக்கான வானிலை வகுப்பின் தொடக்க மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



குருமடத்தில் எங்களுக்கு இலத்தீன் கற்பித்தார்கள், மெய்யியல் கற்பித்தார்கள். காற்றழுத்தமானியைப் பார்க்கக் கற்பித்தவர் யாருமில்லை. அது எவ்வளவு பெரிய குறை என்பதை 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில்தான் உணர்ந்தேன். அப்போது நான் வேறொரு கடற்கரைப் பங்கில் இருந்தேன். 29-ஆம் நாள் இலங்கைக்குத் தென்கிழக்கே ‘காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்’ என்று செய்தி வந்தது. வாசித்தேன், மழை வரும் என்று எண்ணிக்கொண்டு படுத்துவிட்டேன். மறுநாள் காலையிலேயே அது குமரிக் கடலில் ஒக்கிப் புயலாகிவிட்டது. தங்கலுக்குப் போயிருந்தவர்களுக்குச் செய்தி எட்ட வழியில்லை. அதன்பின் நான் வைத்த அடக்கப் பூசைகளில் சிலவற்றில் பெட்டியே இல்லை. படம் மட்டும்தான் இருந்தது.

அந்தச் சொற்களின் பொருளை முதலில் தெரிந்துகொள்வோம். காற்று மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் தாழ்வு மண்டலம். 51-ஐத் தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால் புயல். அதாவது, புயல் என்ற பெயர் வருமுன்பே வள்ளத்தைக் கவிழ்க்கும் காற்று வந்துவிடுகிறது. பெயர் வைக்கட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருப்பவன் ஏமாந்து போவான்.

துறைமுகத்தில் ஏற்றும் கூண்டும் அப்படித்தான். ‘ஒன்றாம் நம்பர்தானே’ என்று சிரிக்கிறோம். ஒன்றாம் கூண்டு, தொலைகடலில் தாழ்வு மண்டலம் உண்டு, துறைமுகத்துக்குப் பாதிப்பில்லை என்று சொல்கிறது. இரண்டாம் கூண்டு, தொலைகடலில் புயலே உருவாகிவிட்டது, துறையை விட்டுப் புறப்படும் கலங்கள் எச்சரிக்கை என்கிறது. அந்தத் தொலைகடலுக்குப் போகிறவர் யார்? நீங்கள்தானே!

கூண்டும் வானொலியும் எட்டாத இடத்தில் என்ன செய்வது? 1857-இல் பைஸ் பாலட் என்ற டச்சு அறிஞர் ஒரு விதியை வெளியிட்டார். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே உள்ள நமக்கு அது இப்படி: காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், தாழ்வழுத்தம் உங்கள் இடக்கைப் பக்கம். ஒக்கியையே எடுத்துக்கொள்வோம். அது குமரிக்குத் தெற்கே மேற்கு நோக்கிக் கடந்தது. வாடைக்கும் கொண்டலுக்கும் நடுவிலிருந்து காற்று வந்தபோது முதுகைக் காட்டி நின்றால் இடக்கை தென்கிழக்கைக் காட்டும். காற்று கொண்டலாகத் திரும்பினால் இடக்கை தெற்கே. கொண்டலும் சோழகமும் கலந்து வந்தால் தென்மேற்கே. புயல் நகர்வதை உங்கள் கையே காட்டிவிடுகிறது! இப்படிக் காற்று வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்ற வரிசையில் திரும்பினால் நீங்கள் புயலின் வலப்பக்கத்தில், அதாவது கொடிய பக்கத்தில் இருக்கிறீர்கள். காற்று திரும்பாமல் ஒரே திசையில் நின்று, அழுத்தமும் இறங்கிக்கொண்டே போனால், புயல் உங்களை நோக்கியே வருகிறது.

இனி அழுத்தம். நம் கடலில் அது ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை இறங்கும். காலை, இரவு பத்து மணியளவில் உயர்வு. அதிகாலை, மாலை நான்கு மணியளவில் தாழ்வு. மூன்று நான்கு மில்லிபார் வேறுபாடு இயல்பானது. ஆகவே மாலையில் இறங்கியதைக் கண்டு அலற வேண்டாம். அந்தப் பருவத்தில் அந்த நேரத்துக்குரிய வழக்கமான அளவைவிட மூன்று குறைந்தால் சந்தேகப்படுங்கள். ஐந்து குறைந்தால் புயல் அருகில் என்று கொள்வது மாலுமிகளின் வழக்கம். வழக்கமான அளவு எதுவென்று தெரிய வேண்டுமானால் தினமும் எழுதி வைக்க வேண்டும், வேறு வழியில்லை.

அலையைப் பற்றி ஒரு சொல். அறிக்கையில் ‘இரண்டு மீட்டர்’ என்று வந்தால், எல்லா அலையும் இரண்டு மீட்டர் என்று பொருளல்ல. அலைகளில் மிக உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது. இடையே ஏறத்தாழ நான்கு மீட்டர் அலை ஒன்று வரலாம். காற்றே இல்லாமல் ஏறும் கள்ளக்கடலை நீங்கள் அறிவீர்கள். அது தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை. ஐதராபாத் மையம் அதற்கும் முன்னறிவிப்புத் தருகிறது.

சாமியாருக்கு இந்த வேலை எதற்கு என்று சிலர் கேட்டதாகக் காதில் விழுந்தது. ஹவானாவில் பெனித்தோ வீனியெஸ் என்ற இயேசு சபைக் குரு, உயர்மேகங்களையும் அலைகளையும் கவனித்து, 1875 செப்டம்பரில் சூறாவளி வருமுன் எச்சரித்தார். மணிலாவில் பவுரா சுவாமி 1879-இல் அதையே செய்தார். நான் அவர்கள் கால்தூசிக்கும் வரமாட்டேன். ஆனால் முன்மாதிரி இல்லாமல் இதைத் தொடங்கவில்லை.

‘கடல் வாசம் மாறினாலே எங்களுக்குத் தெரியும் சாமி’ என்று முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் சொல்கிறார்கள். தெரியும், நான் மறுக்கவில்லை. நீர்வாடும் மேகமும் பார்த்துக் கரை சேர்ந்தவர்கள் நீங்கள். ஆனால் உங்கள் பேரப்பிள்ளைகள் கரை மறைந்து பல நாள் தூரம் போகிறார்கள். உங்கள் அறிவையும் இந்த ஏட்டில் எழுத வேண்டும் என்பதே என் விருப்பம். ஒவ்வொரு திங்கள் மாலையும் வந்து இளைஞர்களோடு உட்காருங்கள்.

பங்கு இல்லத்துத் திண்ணையில் காற்றழுத்தமானி மாட்டியாகிவிட்டது. பக்கத்தில் கோடு போட்ட நோட்டு ஒன்றும் பேனாவும் கட்டியிருக்கிறேன். நாளைக் காலை பத்து மணிக்கு முதல் வரியை எழுதப்போவது யார்? கையைத் தூக்குங்கள், பார்ப்போம்.