கவிழ்ந்து கற்கும் பாடம்

(காரைக்குடியில் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



நம் சிவகங்கை மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. ஆயினும், கடல் கடந்து பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் செய்தவர்கள் கட்டிய ஊர்களில் பாடம் நடத்துகிறோம். இன்று பாய்மரப் படகிடம் நாம் கற்க வேண்டியதைச் சொல்கிறேன்.

'ஆப்டிமிஸ்ட்' என்பது 15 வயது வரையுள்ள பிள்ளைகள் தனியாக ஓட்டும் சிறு படகு. ஒரு கையில் சுக்கான். மறு கையில் பாயை இழுக்கும் கயிறு. தொடக்கப் பயிற்சிகளுள் ஒன்று, படகை வேண்டுமென்றே கவிழ்ப்பது. மிதவை அங்கி அணிந்த பிள்ளை, பயிற்றுநர் அருகிருக்க, தானே படகை நிமிர்த்தி ஏற வேண்டும். அதன் பின் பயம் பெரிதும் குறைந்துவிடும்.

இன்னொரு பாடம், காற்றை எதிர்த்து நேராகப் போக முடியாது என்பது. பாய் படபடக்கும், படகு நின்றுவிடும். சுமார் 45 பாகை விலகி, இடமும் வலமுமாக மாறி மாறித்தான் முன்னேற வேண்டும்.

சென்னையில் கோடைக்காலப் பயிற்சி முகாமில் தொடங்கிய நேத்ரா குமணன், 2021-இல் ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். டோக்கியோவில் 35-ஆம் இடம். 2024-இல் பாரிசில் 21-ஆம் இடம்.

கரும்பலகைக்கு வரத் தயங்கும் பிள்ளை, பல நேரங்களில் கணக்குக்கு அஞ்சுவதில்லை. தவறினால் எழும் சிரிப்புக்கே அஞ்சுகிறது. வாரம் ஒரு கணக்கை மதிப்பெண் இல்லாமல் கொடுங்கள். தவறான விடையைப் பலகையில் எழுதி, எங்கே பிசகியது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துத் திருத்தட்டும். நாம் அருகில் நின்றால் போதும்.