மூலமின்றி வந்த உரை



இத்தாலியின் தென்கோடியில், சிசிலித் தீவை எதிர்நோக்கி நிற்கும் ரெஜியோ டி கலாப்ரியா நகரில், 1475ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஆபிரகாம் பென் கார்ட்டன் என்பார் ஒரு நூலை அச்சிட்டு முடித்தார். ஆண்டு குறிக்கப்பெற்ற எபிரேய அச்சு நூல்களுள், இன்று அறியப்படுவனவற்றில், காலத்தால் முந்தியது அதுவே. அது மறைநூல் அன்று. மறைநூலுக்கு எழுந்த உரை. 'தோரா' எனப்படும் ஐந்நூல்களின் மூலம் அதில் இடம்பெறவில்லை. மூலத்தை நெஞ்சிலும் தோற்சுருளிலும் காத்து வந்த மக்கள் அச்சில் முதலில் நாடியது உரையைத்தான் போலும்.

உரைகாரர் ராஷி. ரப்பி ஷ்லோமோ இட்சாகி என்னும் பெயரின் முதலெழுத்துகள் கூடியமைந்த சுருக்கம் அது. பிரான்சு நாட்டுத் த்ருவா நகரில் 1040இல் பிறந்தவர். ரைன் ஆற்றங்கரை நகரங்களாகிய மைன்ஸிலும் வோர்ம்ஸிலும் பயின்று ஊர் திரும்பியவர். 1096இல், முதற் சிலுவைப் போரின்போது, அவ்விரு நகரங்களின் யூதர்களும் கொன்று குவிக்கப்பட்டனர். அச்செய்தி கேட்ட பின்னும் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்து 1105இல் மறைந்தார்.

ராஷியின் உரை சுருக்கமானது. அருஞ்சொல் வந்தால் தம் ஊரார் பேசிய பிரெஞ்சுச் சொல்லை எபிரேய எழுத்திலேயே எழுதிப் பொருள் காட்டுவார். பழைய பிரெஞ்சு மொழியை ஆராய்வோர்க்கு இன்று அச்சொற்கள் அரும்பொருட் களஞ்சியம். புலமைச் செருக்குக்கு அவரிடம் இடமில்லை. தொடக்க நூலில் ரெபெக்காள் 'யாக்கோபு, ஏசா இருவரின் தாய்' என்று மீண்டும் சொல்லப்படுவது ஏன் என்னும் இடத்தில், அது எதைக் கற்பிக்கிறது எனத் தமக்குத் தெரியவில்லை என்றே எழுதிவிட்டார். ஒன்றும் எழுதாமல் கடந்திருக்கலாம்; எவரும் கேட்டிருக்கமாட்டார். சொற்கள் தரும் நேர்ப்பொருள் நாளும் புதிதாகத் தோன்றுவதால், காலம் வாய்த்தால் வேறு உரைகள் செய்யவேண்டும் என்று பாட்டனார் ஒப்புக்கொண்டதாகப் பேரர் ரஷ்பாம் பதிந்துள்ளார். பேரரோ அவ்வுரையைப் பல இடங்களில் மறுத்தவர்!

ரெஜியோ அச்சில் அமைந்தது ஸ்பானிய யூதரின் கையெழுத்து மரபைத் தழுவிய எழுத்து. பின்னாளில் அதற்கு 'ராஷி எழுத்து' என்றே பெயர் நிலைத்தது. ராஷி அவ்வெழுத்தில் ஒருநாளும் எழுதியவரல்லர்.

1541இல் நேப்பிள்ஸ் அரசினின்றும் யூதர் முற்றாக வெளியேற்றப்பட்டனர். ரெஜியோ அவ்வரசைச் சேர்ந்த ஊர். அந்நூலின் அறியப்பட்ட ஒரே படி இன்று வட இத்தாலியில், பார்மா நகரின் பலத்தீனா நூலகத்தில் இருக்கிறது. அதைத் தேடிப் பெற்று வைத்திருந்தவர் ஜொவான்னி பெர்னார்தோ தெ ரோசி என்னும் கிறித்தவக் குரு. அவர்தம் தொகுப்பை 1816இல் பார்மாவின் கோமகள் மரியா லூயிசா விலை கொடுத்து வாங்கி நூலகத்திற்கு அளித்தார்.